மினதியிடமிருந்து திரும்ப வாங்கிய சேதி

ஓய்வு பெற்றவர்களை இரண்டு காரியங்களுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று குத்துவிளக்கு ஏற்ற. இல்லையென்றால் "பத்து நிமிஷம் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று. சமீபத்தில் என்னை இரண்டுக்கும் சேர்த்தே கூப்பிட்டிருந்தார்கள். திருவனந்தபுரத்துப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் மனநல ஆலோசகர்களுக்கான பயிற்சி அது. எல்லாம் என் மகளைவிடச் சின்னவர்கள். வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் வீடுகளில் எப்படிப் பேசுவது என்று ஒரு பெண் ஃபோனை வைத்துச் செய்து காட்டினாள். மலையாளத்தில் சொன்னால் ஃபோன் அதை இந்தியில் திருப்பிச் சொல்கிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது. "ஃபோன் மக்கர் பண்ணினா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன டீச்சரே, வீட்டுல மலையாளம் அறியிற ஒரு குட்டி எப்படியும் இருக்குமே. அதை வெச்சுப் பேசிக்கலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதை மட்டும் செய்யாதே" என்றேன். ஏன் என்று விளக்குவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது, கூட்டம் எழுந்துவிட்டது. பிரியாணிக்கு எதிரில் நின்று பேச என்னால் ஆகாது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளைக் கோபித்தேனே தவிர, அவள் மேல் தப்பில்லை. நான் இதே ஊரில், வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதினார். அம்மாவுக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டி. கல்யாணமாகி வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அம்மாவின் மலையாளம் வாசற்படி தாண்டவில்லை. ரேஷன் கடை, கரண்டு ஆபீஸ், தையல்காரர் எல்லாவற்றுக்கும் நான்தான் அம்மாவின் வாய். எனக்கு அதில் பெருமை. திரும்பி வரும்போது கடலை மிட்டாயும் உண்டு. எங்களைப் போன்ற வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். அதனால் இரண்டு பாஷைக்கு நடுவில் ஒரு குழந்தையை நிறுத்துவதில் கெடுதல் இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றாது. கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டுவோம்.

சமூகப்பணி படித்தேன். மனநல மருத்துவமனையில் பயிற்சி, பிறகு சில வருடம் ஒரு தொண்டு அமைப்பில், அப்புறம் பள்ளிகளில் ஆலோசகர், அதனால் எல்லோருக்கும் டீச்சர். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு எனக்குப் பேப்பரைத்தான் கொடுத்தது. தொழிலைக் கொடுத்தவர் டாக்டர் ரேச்சல். குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்கு மேற்பார்வை அவருடையது. எல்லையோரப் பாறசாலைக்காரர். மலையாளத்தில் மருந்து எழுதித் தமிழில் திட்டுவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், எங்களுக்கு மேடம். ஆனால் கிழவி முதல் குழந்தை வரை எல்லோரும் அவருக்கு "மக்ளே"தான்.

அவரோடு முதன்முதலில் போனது வித்துரா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. எஸ்டேட்டிலிருந்து வரும் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. பொய் சொல்கிறாள் என்பது ஆசிரியர்களின் தீர்ப்பு. மேடம் அறைக்குள் வந்ததும் முதல் வேலையாக மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். "எதுக்காக்கும் நடுவுல இது? நாம என்ன ரிஜிஸ்டர் ஆபீஸா நடத்துதோம்?" பிறகு பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், அவளைப் போலவே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வயிற்றுவலி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. காலையில் வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பார்கள், அடுப்பு யார் பற்றவைப்பார்கள், பஸ்ஸுக்கு எந்த வழியாக நடப்பாய், இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பைப் பற்றவைப்பது அந்தப் பெண்தான் என்று தெரிந்தது. எஸ்டேட் மூடிய பிறகு அம்மா எழுந்திருப்பதே இல்லை. பள்ளிக்கூடம் போய்விட்டால் அம்மா ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயந்து, காவலுக்கு வீட்டில் இருக்கத்தான் வயிற்றுவலி. மேடம் பெண்ணுக்கு ஒரு மாத்திரையும் எழுதவில்லை. அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தார். வயிற்றுவலி போய்விட்டது.

மேடத்திடம் இன்னொரு வழக்கம் உண்டு. எந்தக் கேஸையும் "அந்தக் குழந்தை" என்று சொல்ல விடமாட்டார். நாங்களே அந்தக் குழந்தையாக உட்கார்ந்து, "நான்" என்று சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு அது கூச்சம். ஒரு ஆண் ஆலோசகர், முறுக்கு மீசை வைத்தவர், எட்டு வயதுச் சிறுமியாக உட்கார்ந்து "நான் பொம்மைக்கு..." என்று ஆரம்பித்ததும் நாங்கள் சிரித்துவிட்டோம். மேடம் சிரிக்கவில்லை. "பின்ன? பொம்மைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்று என் பொறுப்பில் வந்தது. ஒடிசா, அசாம், பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்த தொழிலாளிகளின் பிள்ளைகள் படித்தார்கள். ஊரார் அவர்கள் எல்லோருக்கும் வைத்த ஒரே பெயர், பெங்காலி. நாலாம் வகுப்பு மினதி ஒடிசாக்காரி. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பியபோது அவள் மூன்று மாதமாகப் பள்ளியில் வாயே திறக்கவில்லை.

"டீச்சரே, இந்தக் குட்டி ஒண்ணும் மிண்டத்தில்லை. அடிச்சாலும் இல்லை, மிட்டாயி கொடுத்தாலும் இல்லை" என்றார் தலைமையாசிரியை. பேச்சு மட்டுமல்ல, எழுதுவதையும் நிறுத்தியிருந்தாள். புத்தி வளர்ச்சி போதாது என்று பரிசோதனைக்கு அனுப்பிச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம் என்பது பள்ளியின் யோசனை. அப்பா மனோஜின் யோசனை இன்னும் சுருக்கம். பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவளை அங்கே தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வருவது. "இவிடெ ஸ்கூல் வேண்டா. ஊமைக்கு எந்தினு ஸ்கூல்?" ஊமைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் என்னிடம் கேட்டார். அவள் போனால் திரும்ப வரப்போவதில்லை, படிக்கப்போவதுமில்லை என்பது எனக்குத் தெரியும். பூஜைக்கு அதிக நாளும் இல்லை.

நான் கேட்டேன்: "மூணு மாசத்துக்கு முன்னாடி எப்படி இருந்தா?"

தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. "அய்யோ, இவள் எங்க ஸ்கூலோட கலெக்டராக்கும்!" ஒன்றாம் வகுப்பில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தவள், ஒரே வருடத்தில் மலையாளிப் பிள்ளைகளுக்கே கதை சொன்னாளாம். இந்தியும் தெரியும். வடக்கத்திப் பெற்றோர் யார் வந்தாலும் வகுப்பிலிருந்து இவளைக் கூப்பிடுவார்கள். ஃபீஸ், தடுப்பூசி, சண்டை, எல்லாவற்றுக்கும் இவள்தான் நடுவில். காண்டிராக்டரிடம் சம்பளம் கேட்க அப்பா இவளைக் கூட்டிப்போவாராம். வாடகை அறைக்காரரிடம் இவள்தான் பேசுவாளாம். பாராட்டிக்கொண்டே போனார். இந்தக் குழந்தைக்கா புத்தி வளர்ச்சி போதாது என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போனேன். வரிசையாகக் கட்டிய அறைகள், பொதுக் குழாய். மினதி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அம்மா ஜமுனா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் சிரிப்பைத் தவிர வேறு பாஷை இல்லை. அந்தச் சிரிப்பும் அவள் முகத்தில் நிற்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து குசுகுசுவென்று ஒரு குரல் கேட்டது. மினதி தன் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. குரல் இருக்கிறது, கதை இருக்கிறது. பெரியவர்களிடம் மட்டும் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

அந்த அம்மாவிடம் பேச ஒடியா தெரிந்த ஒரு பெரிய ஆள் வேண்டும். மலையாளம் தெரிந்த ஒடிசாத் தொழிலாளிகள் இருந்தார்கள், ஆனால் ஜமுனா அந்நிய ஆண் முன்னால் பேசமாட்டாள். விசாரித்து விசாரித்துக் கழக்கூட்டம் என்ற பகுதியில் சஞ்சுக்தா கிடைத்தாள். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் வீட்டிலிருந்தபடி மலையாளம் நன்றாகவே கற்றிருந்தாள். முதலில் தயங்கினாள். "டீச்சர், எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே" என்றாள். பழக்கினேன். ஜமுனா சொன்னதைக் கூட்டாதே, குறைக்காதே. அழுதால் நீ சமாதானம் சொல்லாதே. "அவங்க சொல்றாங்க" என்று ஆரம்பிக்காதே, "நான்" என்றே சொல். இதை வீட்டில் கணவரை வைத்துப் பயிற்சி செய்து பார்த்தாளாம். கணவர் பாவம்.

இருவருமாக அந்த வீட்டுக்குப் போனோம். ஜமுனா வெகுநேரம் சாதாரணமாகத்தான் பேசினாள். பிறகு சஞ்சுக்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான். அவள் மாசமாக இருந்தாள். ஏழாம் மாதம். குழந்தை அசையவில்லை என்று தோன்றி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவர் வேலையில் இருந்தார், வழக்கம்போல மினதிதான் கூட. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மினதியைப் பார்த்து ஏதோ சொன்னார். நர்ஸ், "மோளே, அம்மையோடு பறா", அம்மாவிடம் சொல்லு மகளே, என்று முதுகைத் தட்டினாள். மினதி அம்மாவிடம் திரும்பி, "தம்பிப் பாப்பா செத்துப்போச்சாம், வெளிய எடுக்கணுமாம்" என்றாள்.

"நான் அவ வாயைப் பொத்தினேன்" என்று சஞ்சுக்தாவின் குரலில் ஜமுனா சொன்னாள். "அப்படிச் சொல்லாதேன்னு கத்தினேன். அவ அப்புறம் பேசல. நானும் கேக்கல. சின்னப் பொண்ணுதானே, டாக்டர்கிட்ட எதையோ தப்பா சொல்லியிருப்பா. அசையலைன்னு நான் சொன்னதை வேற மாதிரி சொல்லியிருப்பா. அவ சரியா சொல்லியிருந்தா என் குழந்தையைக் காப்பாத்தியிருப்பாங்க."

சஞ்சுக்தா கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிக்கத் திணறினாள். முடித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். மினதி கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அம்மா நினைப்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மறுநாள் மேடத்திடம் போனேன். அவர் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "அந்தக் குழந்தை..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் குழந்தை? நீயாக்கும் குழந்தை. இரி, சொல்லு."

உட்கார்ந்து சொன்னேன். நான் மினதி. நான் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஆன்ட்டி என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன், பாப்பா செத்துப்போச்சு. அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்புறம் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். அப்புறம் பாப்பா செத்து வந்தது.

மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். "எது முன்னே, எது பின்னே?"

வரிசைப்படுத்திப் பார்த்தேன். நான் சொன்னது முன்னே. பாப்பா செத்து வந்தது பின்னே. அந்தக் குழந்தைக்குக் கணக்கு அப்படித்தான் இருக்கும். தன் வாயால் சொன்னாள், அது நடந்தது. அம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள். இனி அந்த வாயை எதற்குத் திறப்பாள்?

"மேடம், நான் அவகிட்ட எடுத்துச் சொல்லட்டுமா, அது உன் தப்பு இல்லைண்ணு?"

"நீ சொன்னா? நீ யாரு? நேத்து வந்த டீச்சர்." மேடம் கையைக் கழுவிவிட்டு வந்தார். "பெரியவங்க செமக்க வேண்டியத ஒரு பிள்ளை தலையில வெச்சாச்சு. அதைத் திரும்ப வாங்கணும் மக்ளே. யாரு கொடுத்தாளோ அவளே வாங்கணும். அந்த டாக்டரக் கூட்டி வெச்சு, தாய்கிட்ட முதல்லேருந்து சேதிய சொல்லச் சொல்லு. பெரிய ஆளு ஒடியாவுல சொல்லட்டும். பிள்ளை கேக்கட்டும். அதுக்கு அங்க ஒரு வேலையும் கொடுக்கப்பிடாது, கேட்டியா?"

"டாக்டர் சம்மதிக்கலேண்ணா?"

"நாளைக்கும் போ."

போனேன். அந்த டாக்டர் இளவயதுப் பெண், பெயர் வேண்டாம். அவர் அறைக்கு வெளியே எப்போதும் ஒரு திருவிழாக் கூட்டம். முதல் நாள் நின்றபடியே கேட்டார், நின்றபடியே முடித்தார். "வேற என்ன செய்ய முடியும் எனக்கு? ரத்தப்போக்கு ஆரம்பிச்சாச்சு. உடனே செய்யலேண்ணா அந்த அம்மாவும் போயிருப்பா. ஒடியா அறிஞ்ச ஆளுக்காகக் காத்திருக்க நேரமில்லை." அவர் சொன்னது நியாயம். நியாயம் என்றே நானும் சொன்னேன். குறை சொல்ல வரவில்லை, ஒரு கால் மணி நேரம் வேண்டும் என்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் என்பது ஆஸ்பத்திரிகளில் வராத வாரம். எனவே மறுநாளும் போய், கர்ப்பிணிகளின் வரிசையில் உட்கார்ந்தேன். அந்த வயதில் அந்த வரிசையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிலருக்குச் சிரிப்பு வந்தது, வரட்டும். அதற்கடுத்த நாளும் போனேன். ஒரு நாள் டாக்டரே வெளியே வந்து, "டீச்சர் விடுற மாதிரி இல்லையே" என்றார். "இல்லை" என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நான் முன்னதாகப் போய் அறையை ஒழுங்கு செய்தேன். மேசை சுவரோரம். டாக்டரும் ஜமுனாவும் எதிரெதிரே. மனோஜ் மனைவிக்குப் பக்கத்தில். அன்று அவர் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். சஞ்சுக்தா ஜமுனாவின் தோளுக்குச் சற்றுப் பின்னால், டாக்டரின் பார்வை தாயின் முகத்தை விட்டு நகராதபடி. கதவருகில் ஒரு நாற்காலி மினதிக்கு. படம் வரைய தாளும் கலர் பென்சிலும் வைத்தேன். கதவைத் திறந்தே வைத்தேன், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று சஞ்சுக்தாவைச் சொல்லச் சொன்னேன். கூடவே இன்னொன்றும்: "இன்னிக்கு உனக்கு இங்க வேலை இல்லை." மினதி சஞ்சுக்தாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். நம்பவில்லை.

டாக்டர் முதலிலிருந்து சொன்னார். நீங்கள் வந்தபோது குழந்தையின் இதயம் ஏற்கனவே நின்றிருந்தது. முந்தின நாளே நின்றிருக்க வேண்டும். யார் எப்படிச் சொல்லியிருந்தாலும், எந்த பாஷையில் சொல்லியிருந்தாலும் என்னால் காப்பாற்றியிருக்க முடியாது. சஞ்சுக்தா ஒவ்வொன்றையும் கூட்டாமல் குறைக்காமல் ஒடியாவில் சொன்னாள். ஜமுனா கேட்டாள்: "இவ உங்ககிட்ட தப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. நீங்க சொன்னதை என்கிட்ட சரியா சொன்னா. நான் சொன்னதை உங்ககிட்ட சரியா சொன்னா. அவ உடனே சொன்னதாலதான் உங்களையாவது காப்பாத்த முடிஞ்சது."

இத்தனையும் நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்திருந்ததுதான். பிறகு டாக்டர் பேசிவைக்காத ஒன்றைச் செய்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மினதியைப் பார்த்தார். "மோளே, அது நான் சொல்ல வேண்டிய விஷயம். உன்னைச் சொல்ல வெச்சது சரியில்லை" என்றார். மலையாளத்திலேயே சொன்னார், அவளுக்கு அது யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது. மினதி தலையைத் தூக்கவில்லை. தாளில் பச்சைப் பென்சிலால் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள், தாள் கிழிந்துவிட்டது.

மனோஜ் அழுதார். ஜமுனா அழவில்லை. எழுந்து போய் மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவிழ்ந்திருந்த ஒரு பின்னலை எடுத்து, முழுதாகப் பிரித்து, மறுபடி அடியிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். பின்னும்போது குனிந்து காதில் ஏதோ சொன்னாள். சஞ்சுக்தா என்னைப் பார்த்தாள், சொல்லட்டுமா என்று. வேண்டாம் என்று தலையசைத்தேன். அது எங்களுக்கான பேச்சு இல்லை.

மினதி பேசவில்லை. கீழே இறங்கும்போதும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பூஜை நெருங்குகிறது, மனோஜ் டிக்கெட் எடுத்திருந்தார். ஒரே நாளில் நடந்துவிடும் என்று மேடமும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மை.

டாக்டர் ஜமுனாவுக்கு ரத்தசோகைக்கு மாத்திரை எழுதியிருந்தார். மனோஜும் சஞ்சுக்தாவும் ஆட்டோ பிடிக்க வெளியே போனார்கள். மருந்து கவுண்டரில் ஜமுனாவும் மினதியும் நின்றார்கள், நான் ஒரு தூணோரம். கவுண்டரில் இருந்த பெண் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுவிட்டு ஜமுனாவைப் பார்த்தாள், புடவை கட்டிய விதத்தைப் பார்த்தாள், பிறகு கண் தானாகக் கீழே இறங்கி மினதியிடம் போனது. "மோளே, இது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. சாயாவோட சேர்த்துக் குடிக்கக்கூடாது. அம்மையோடு பறா."

நான் ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் மினதி கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றாள்.

"ஞான் பறயில்லா" என்றாள்.

நான் சொல்ல மாட்டேன் என்கிறாள். மூன்று மாதத் துரு ஏறிய குரல், ஆனால் கணீரென்று இருந்தது. கவுண்டர் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தா?" என்றாள்.

"ஞான் குட்டியல்லே? சேச்சி தன்னெ பறஞ்ஞோ." நான் சின்னப் பிள்ளைதானே, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

"என்ன திமிரு பாத்தீங்களா டீச்சரே, இந்தக் குட்டிக்கு!" என்று அந்தப் பெண் என்னிடம் முறையிட்டாள்.

"ஆமாம், நல்ல திமிர்" என்றேன். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சஞ்சுக்தாவைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன்.